புதுப்பிப்பு: வண்ணம் உரிந்த படைவீரர் உருவங்கள்

1/35 அளவிலான நான்கு பிளாஸ்டிக் படைவீரர் உருவங்களை ஒட்டி முடித்து அக்ரிலிக் வண்ணம் பூசியபோது, முழங்கை, முழங்கால் ஓரங்களில் அது உரிந்து வருவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

குறை வண்ணத்தில் இல்லை, என் அவசரத்தில்தான் இருந்தது. பாகங்கள் அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவப்படும் பொருளின் மிச்சத்தின் மீதே, வண்ணம் பிடித்து நிற்க முதலில் இடும் அடிப்பூச்சான பிரைமரும் இல்லாமல் நேரடியாகப் பூசியிருக்கிறேன். ஆகவே வண்ணத்தை முழுவதும் நீக்கி, உருவங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு உலரவிட்டு, அச்சின் இரு பாதிகளும் சந்தித்த இடத்தில் மயிரிழைபோல் ஓடும் கோட்டைக் கத்தியின் அலகைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லச் சுரண்டி எடுத்த பிறகே பிரைமர் அடித்தேன். சுமார் 5 சென்டிமீட்டர் உயரமே உள்ள உருவத்தில், விட்டுப்போன கோடு வண்ணத்துக்குப் பின் தழும்பாகவே தெரியும்.

துப்பாக்கிகளைத் தனியே வண்ணம் பூசி ஒட்டுவது சுலபம். ஆனால் பாலிஸ்டைரீன் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பதால், ஒட்டும் இடத்தில் வண்ணம் இருந்தால் பிடிப்பு நிற்காது. அதைச் சுரண்டிவிட வேண்டும்.

நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக இட்டதில் இப்போது உரிதல் இல்லை. முகங்கள்தான் இன்னும் கைகூடவில்லை. மூன்று பேருக்குக் கண்ணின் வெள்ளையைத் தவிர்த்து, இமை நிழலாக அடர்பழுப்புக் கோடு மட்டும் இட்டேன். வெள்ளை வைத்த நான்காமவர் எதையோ கண்டு திடுக்கிட்டவரைப் போலவே விழித்துக்கொண்டிருக்கிறார்.