ஹவுஸ் ஆஃப் சாண்ட் அண்ட் ஃபாக் (2003): தப்பு கவுன்ட்டி மேலே, வீடு ஏன் திரும்பவில்லை?

இரவுக்காட்சி:
வெறும் 500 டாலர் வரி. அதுவும் போட்டிருக்கவே கூடாத வரி. அதற்காக கேத்தியின் அப்பா விட்டுப்போன வீட்டையே ஏலம் விட்டுவிடுகிறார்கள். தப்பு நம்முடையதுதான் என்று கவுன்ட்டி (மாவட்ட நிர்வாகம்) ஒப்புக்கொண்ட பிறகும் வீடு ஏன் அவளுக்குத் திரும்பவில்லை? இன்னொன்று, மறுபடி பார்க்கும்போது நடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்? முடிவு வரை பேசலாம், படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டாநிலம்:
ஏலத்தில் முறையாகப் பணம் கட்டி, அந்தத் தப்பில் எந்தப் பங்கும் இல்லாமல் வாங்கியவர் பெஹ்ரானி. கிரயம் அவர் பேருக்கு ஆகிவிட்டது. அவர் சம்மதித்தால்தான் விற்பனையை ரத்து செய்ய முடியும் என்பது படத்தின் நிலவரம். அவர் கட்டிய பணத்தை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறது கவுன்ட்டி. அவர் கேட்பது சந்தை விலை, வாங்கியதைப்போல் நாலு மடங்கு. மகன் படிப்புக்கும் குடும்பம் நிமிரவும் அவர் போட்ட கணக்கே அந்த வித்தியாசம்தான். கேத்திக்கு மிஞ்சுவது கவுன்ட்டி மேல் நஷ்டஈட்டு வழக்கு. வழக்கு முடியும்வரை அவள் எங்கே படுப்பாள்? காரில்தான். கதை அங்கிருந்துதான் கெட்டுப்போகிறது.

படம் காலத்தைச் சுருக்கியிருப்பதும் உண்மை. கலிஃபோர்னியாவில் சொத்து வரி பாக்கிக்காகக் குடியிருக்கும் வீட்டை விற்க, பொதுவாகப் பாக்கி விழுந்து 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும். 2006-ல் ஆர்கன்சா வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அனுப்பிய நோட்டீஸ் வாங்கப்படாமல் திரும்பி வந்தால் விற்பதற்கு முன் வேறு வழியிலும் தெரிவிக்கப் பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு முன்பே வந்திருந்தாலும் கேத்திக்கு உதவியிருக்காது. அவளுக்கு வந்த தபால் திரும்பிப் போகவில்லை, பிரிக்கப்படாமல் வீட்டுக்குள்ளேயே குவிந்து கிடந்தது. ஆரம்பத்தில் அந்தக் குவியலைக் காட்டுவதை லேசாகத் தாண்டிவிடாதீர்கள்.

நாலாம்சுவர்:
நடிப்புக்கு வருகிறேன். பெஹ்ரானியாக நடித்த பென் கிங்ஸ்லியின் முதுகைப் பாருங்கள். இரானில் மன்னர் ஷா காலத்து ராணுவக் கர்னல், இப்போது சாலை போடும் வேலை, இரவில் கடையில் நிற்பது. வேலை முடிந்து ஒரு ஹோட்டல் கழிவறையில் புழுதியைக் கழுவி, கோட்டும் டையும் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். உடை மாறுகிறது, நிமிர்ந்த முதுகு மாறுவதே இல்லை. இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, மருத்துவமனையில் மகனுக்காக அழுது நேர்த்திக்கடன் வேண்டும்போது ஒரே அடியாக உடைத்துப் போடுகிறார். அந்தக் குரல் முன்னால் எந்தக் காட்சியிலும் வராது. கடைசியில் பழைய ராணுவ உடையை எடுத்து அணியும்போது முதுகு திரும்ப நிமிர்கிறது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பெஹ்ரானியின் மனைவி நாடியாக வரும் ஷோரே அக்தாஷ்லூவையும் விடாதீர்கள். வீட்டு வேலை நடக்கும் இடத்தில் ஆணி மிதித்த கேத்திக்கு நாடி கட்டுப் போடும் காட்சியில் இவள் யார், வீட்டுக்கு என்ன வழக்கு எதுவும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறது, கை தடுமாறவில்லை. அந்த ஆண்டு துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை இவருக்கு. நடிப்புக்கு அப்படிப் பரிந்துரை பெற்ற முதல் இரானியப் பெண். சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள், கணவன் மனைவி சண்டையின் சூடு பாரசீகத்தில்தான் இருக்கிறது.

இரவுக்காட்சி:
நன்றி. போலீஸ்காரன் லெஸ்டர் மட்டும் ஒட்டவில்லையே. குடும்பத்தையே உதறிவிட்டு கேத்தி பின்னால் ஏன் வருகிறான்?

நாலாம்சுவர்:
படத்தின் ஓட்டை அதுதான். 1999-ல் வந்த ஆந்த்ரே டூபஸ் III நாவலில் லெஸ்டருக்கு என்று பக்கங்கள் உண்டு. 126 நிமிஷப் படத்தில் அது சுருங்கி, கதையை முடுக்கிவிடும் ஆளாக மட்டும் நிற்கிறான். மற்ற இருவர் பக்கமும் நியாயம் சம எடையில் இருப்பதால் இவன் கனமில்லாமல் இருப்பது பளிச்சென்று தெரிகிறது.

பட்டாநிலம்:
ராஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவைத் தனியாக ஒருமுறை பாருங்கள். பெஹ்ரானி வீட்டு மேலே தளம் எழுப்புவது கடல் தெரிய வேண்டும் என்று. காஸ்பியன் கரையில் கடல் தெரிவதற்காக மரங்களை வெட்டிய நினைவோடுதான் அவர் கதை தொடங்குகிறது. இங்கே மூடுபனி வந்து வந்து அந்தக் கடலை மறைக்கிறது. "இது உங்கள் வீடா?" என்று கேத்தியிடம் கேட்கும்போதும் சுற்றிலும் அதே பனி. அவள் இல்லை என்கிறாள்.