வாரத்துக்கு ஒருநாள் மட்டும் மாத்திரை: அம்மாவின் முடக்குவாதம் குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி | பதிவிட்டவர்: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 54 வயது. கடந்த தை மாதத்திலிருந்து காலையில் எழும்போது அவருடைய இரண்டு கை விரல்களும் விறைத்துப்போய், மடக்க முடியாமல் இருக்கின்றன. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. மாவுத் தூக்கின் மூடியைத் திறக்கக்கூட என்னைத்தான் அழைக்கிறார். ஒன்பது மணி வாக்கில்தான் விரல்கள் ஓரளவு வழிக்கு வருகின்றன. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் என்று எண்ணி, ஆறு மாதத்தைத் தைலம் தடவியே கழித்துவிட்டோம்.

இப்போது ரத்தப் பரிசோதனையில், இந்நோயைக் கண்டறியப் பார்க்கும் ருமட்டாய்டு காரணி இயல்பாக இருந்தபோதிலும், ஆன்டி-சிசிபி என்ற மற்றோர் எதிர்ப்பொருளின் அளவு மிக உயர்ந்திருப்பதால், இது முடக்குவாதமே என்றும், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குகிறது என்றும் மருத்துவர் கூறினார். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருநாள் மட்டும் உட்கொள்ளும்படி எழுதியிருக்கிறார். அது புற்றுநோய்க்குத் தரும் மருந்து என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா அதைத் தொடவே அஞ்சுகிறார். நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பெரியம்மா சீந்தில் கஷாயம் கொடுத்தனுப்பியுள்ளார். நம் உடல் நம்மையே ஏன் தாக்க வேண்டும்? இந்த மருந்தை நம்பிக் கொடுக்கலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1 | நுண்ணுயிரியல் ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்வியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பாற்றல் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று அளவுக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் இந்த நோய் பிடிபடாது. தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறிவதில் நேர்ந்த பிழை இது. டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. எந்தக் கிருமி எந்த வடிவில் வரும் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதால், ஒவ்வொரு செல்லும், அயலானை அடையாளம் காண, குலுக்கல் முறையில் அமைந்த ஓர் உணர்வியைச் சுமந்துகொண்டு உருவாகிறது. குலுக்கலில் விழுந்தவை என்பதால், அவற்றுள் சில நம் சொந்தப் புரதங்களோடு பொருந்திப்போவதும் தவிர்க்க முடியாதது. தைமஸ் அவற்றைச் சோதித்துக் கழித்துக் கட்டுகிறது; அங்கே நுழையும் செல்களில் மிகப் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வருவதில்லை. அப்படியும் சில தப்பிவிடுகின்றன. நலமாக இருக்கும் உங்கள் உடலிலும் என் உடலிலும் அத்தகைய செல்கள் இந்த நொடியிலும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே ஒரு தனிப்பிரிவு டி செல்கள் உண்டு என்பதை 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி எலிகளில் நிறுவினார். அந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை 2001இல் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் கண்டறிந்தனர். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நான் வகுப்பெடுத்த தொடக்க காலத்தில் அடக்கும் செல்கள் என்ற பேச்சை எடுத்தாலே சிரிப்பார்கள், அது தனிக்கதை.

இனி அம்மாவின் நோய்க்கு வருவோம். புகைபிடித்தல், நாள்பட்ட ஈறுநோய் போன்றவற்றால் நுரையீரலிலும் வாயிலும் ஏற்படும் அழற்சியில், புரதங்களிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாற்றப்படுகிறது. எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகளைப் பெற்றுப் பிறந்தவர்களின் எதிர்ப்பு மண்டலம், இவ்வாறு உருமாறிய சொந்தப் புரதத்தை அயலானாகக் கருதி எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உண்டாக்குகிறது. உங்கள் தாயாரின் அறிக்கையில் உயர்ந்திருப்பது அந்த எதிர்ப்பொருள்தான். வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது ரத்தத்தில் தோன்றிவிடக்கூடும். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் அழற்சி மூட்டின் உட்சவ்வில் வந்து குடியேற, அந்தச் சவ்வு தடித்துப் பெருகி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. மரபணு மட்டுமே காரணமென்றால் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இருவருக்கும் நோய் வர வேண்டும்; ஆனால் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அம்மா புகைபிடிப்பவராக இருக்க மாட்டார். ஈறுகளை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சீந்திலைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: வேண்டாம். கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் உட்கொண்ட சிலருக்கு, தன்னுடல் தாக்குநோயை ஒத்த கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே தர வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டோடு அதைச் சேர்த்துக் கொடுப்பது விவேகமாகாது. பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2 | மருந்தாளுநர், திருச்சி

ஐயா நோயைச் சொல்லிவிட்டார். நான் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் சிலவகைப் புற்றுநோய்களுக்கு அது கிராம் கணக்கில் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. முடக்குவாதத்துக்கோ வாரத்துக்குப் பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்தச் சிறிய அளவில் அதன் வேலை செல்களைக் கொல்வதைவிட அழற்சியைத் தணிப்பதாகவே இருக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், முதல் மாதத்திலேயே பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

அஞ்ச வேண்டியது வேறொன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் என்று எழுதியதை நாள்தோறும் என்று தவறாகப் புரிந்துகொண்டு உட்கொள்வது உயிருக்கே ஆபத்தானது. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலையில், மூத்த பெண்மணி ஒருவரை அவருடைய மகன் எங்கள் கடைக்கு அழைத்து வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். பத்து நாளில் பத்து மாத்திரைகள் காலியாகியிருந்தன. வேறொரு கடையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதற்கும் ‘காலை 1’ என்று உறையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம்; ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருந்த அவருக்கு, மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலம் செலுத்திக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து இந்த அட்டையின் பின்புறத்தில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதாமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடம் கேட்டு, மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் எழுதியிருந்தால் அது வேறொரு நாளுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிறுநீர்த் தொற்று என்று வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அத்தொற்றுக்குத் தரப்படும் கோ-ட்ரைமாக்சசோல் என்ற மருந்து இதனோடு சேரவே கூடாது.

வைகைக்கரை

ஐயா அவர்களுக்கும் மருந்தாளுநர் அவர்களுக்கும் நன்றி. சீட்டில் ‘ஞாயிறு’ என்று எழுதி வாங்கிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: வலி குறைந்த பிறகு மாத்திரையை நிறுத்திவிடலாமா? இது பயன்படாமல் போனால் ஊசி போட வேண்டியிருக்கும் என்றும், அதனால் காசநோய் வரும் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில் 3 | சேலத்துப் பொன்னி

தம்பி, நான் பதினொரு ஆண்டுகளாக இதே நோயோடு இருப்பவள். மருத்துவர் அல்லேன், நான் பட்டதையும் என் மருத்துவரிடம் கேட்டறிந்ததையும் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யும்வரை சமாளிக்க எனக்குச் சிறிதளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கிய மூன்றாம் நாள் நானே தேங்காய் துருவினேன். நோய் ஓடிவிட்டது என்றே நினைத்தேன். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1948இல் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் அதே வகை மருந்தான கார்டிசோனை முதன்முதலாகச் செலுத்திய பெண்ணும் இப்படித்தான் சில நாட்களில் எழுந்து நடமாடினார் என்றும், அதற்கு நோபல் பரிசுகூட 1950இல் கிடைத்தது என்றும், ஆனால் நீண்ட காலம் கொடுத்தால் எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அது பதம் பார்க்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது என்றும் என் மருத்துவர் சொன்னார். படிப்படியாகக் குறைத்துத்தான் அதை நிறுத்தினார்கள். சட்டென்று நாமாக நிறுத்தக் கூடாது.

மெத்தோட்ரெக்சேட்டை நானாக நிறுத்திப் பார்த்தேன். நான்காம் ஆண்டில், நன்றாக இருக்கிறோமே என்று ஐந்து மாதம் விட்டுவிட்டேன். திரும்பி வந்த வீக்கத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் சாய்ந்தவை இன்றுவரை நிமிரவில்லை. அழற்சியை அடக்கலாம், அரித்துப்போன எலும்பை மீட்க முடியாது. நோய் நீண்ட நாள் அடங்கியிருந்தால் மருத்துவரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஊசியைப் பற்றிச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசிகள், நுரையீரலில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடும். நம் நாட்டில் அப்படி உறங்கும் கிருமியைச் சுமப்பவர்கள் ஏராளம் என்பதால், ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்கிறார்கள். எனக்குப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்ததால், முதலில் அதற்கு மாத்திரை தொடங்கி, ஒரு மாதம் கழித்தே ஊசியைத் தொடங்கினார்கள். ஆனால் அம்மா இப்போதே அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பலருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் அதனோடு சேர்க்கும் ஓரிரு மாத்திரைகளுமே போதுமானவையாக இருக்கின்றன. செலவு ஒரு தடை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாதநோய்களுக்கெனத் தனித்துறையே இருக்கிறது.

கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளை முதல் மூன்று மாதங்களில் அடிக்கடி எடுக்கச் சொல்வார்கள், அலுத்துக்கொள்ளாமல் எடுங்கள். அம்மாவின் மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். என்னுடையதைத் தட்டானிடம் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.