சென்னையைச் சொல்லும் நாவல் வேறென்ன படிக்கலாம்?

தண்டையார்பேட்டை வாசகி: அசோகமித்திரனின் 'தண்ணீர்' இப்போதுதான் முடித்தேன். ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை, தண்ணீருக்கு அல்லாடும் தெரு, அவ்வளவுதான் கதை, ஆனால் எங்கள் தெருவில் லாரி வந்ததும் பிளாஸ்டிக் குடங்களோடு எல்லோரும் ஓடுவதை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதிய மாதிரியே இருக்கிறது. இதே போல வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

ராயபுரம் தம்பி: ஜெயமோகனின் 'வெள்ளை யானை' படியுங்கள் அக்கா. 1870களின் தாது வருஷப் பஞ்சம், ஐஸ் ஹவுஸில் பனிக்கட்டி சுமந்த தலித் தொழிலாளர்களின் போராட்டம், எல்லாம் ஏய்டன் என்ற ஐரிஷ் அதிகாரியின் கண் வழியாக. பஞ்சத்தில் சாகிறவர்களைச் சொல்லும் பக்கங்களைச் சாப்பிடும்போது மட்டும் எடுக்காதீர்கள்.

பெரம்பூர்: தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை'யை விட்டுவிட்டீர்களே! களம் சிந்தாதிரிப்பேட்டைதான், ஆனாலும் நம் ஜனம் பேசுகிற பேச்சு அச்சில் அப்படியே வருகிறது, என்னைக் கேட்டால் முதலில் இதுதான்.

வியாசர்பாடி: வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் எழும்பூர் கன்னிமாராவில் தேடிப் பாருங்கள். 1896லிருந்து இருக்கிற நூலகம், நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரும் இடம்.

தண்டையார்பேட்டை வாசகி: சரி, முதலில் 'பேட்டை', அப்புறம் பஞ்சம்.