குடியா, சாலையா? ருமேனியாவில் ஏன் இத்தனை விபத்துச் சாவுகள்

சாலையோரன்:
"ஐரோப்பாவில் வேலை" இழையில் பாரிஸ் பரணி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: "கிழக்கு ஐரோப்பாவில் ரோட்டில் சாகிறவன் அத்தனை பேரும் குடிகாரன். வளர்ப்பே அப்படி. மேற்கே ஒழுக்கம் இருக்கு, அதனால் சாவு இல்லை."

அண்ணே, நான் ருமேனியாவில் லாரி ஓட்டிப் பிழைக்கிறவன். இங்கே வண்டி ஓட்டுகிறவனின் ரத்தத்தில் இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் மதுவின் அளவு பூஜ்ஜியம். ஒரு பியர் கூடக் கூடாது. இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விடுகிறார்கள். 2023இல் ருமேனியாவில் பத்து லட்சம் பேருக்கு 81 பேர் சாலையில் செத்தார்கள். பிரிட்டனில் 25ஐ ஒட்டித்தான். உங்கள் கணக்கு சரி என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பதில் சொல்லுங்கள்.

பாரிஸ் பரணி:
தம்பி, சட்டத்தில் எழுதி வைத்தால் போதுமா? பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டால் ஊரெல்லாம் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டா ஸ்டியரிங் பிடிக்கிறது? பிடிக்கிற போலீஸ் இருக்க வேண்டும், ஊதச் சொல்ல வேண்டும், கைலஞ்சம் வாங்காமல் கேஸ் போட வேண்டும். நீர் பிறக்கும் முன்பே நான் பிரான்சுக்கு வந்தவன். கண்டபடி கதைக்கிற ஆள் இல்லை.

ரஷ்யாவைப் பாரும். 1985இல் கோர்பச்சோவ் மதுவுக்குக் கடிவாளம் போட்டார். இரண்டு வருடத்தில் ஆண்களின் ஆயுள் கூடியது. விபத்து, விஷம், கொலை, தற்கொலை எல்லாம் இறங்கியது. கடிவாளம் கழன்றது, சோவியத்தும் உடைந்தது, 1994இல் ரஷ்ய ஆணின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே போனது. இதற்குக் குடியைத் தவிர வேறு என்ன பெயர்?

கணக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எதை ஒப்பிடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டாரத்தில் 53 நாடுகள், கஜகஸ்தானும் தஜிகிஸ்தானும் இஸ்ரேலும் கூட அதில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27தான். காயத்தால் வரும் சாவு என்றால் சாலை மட்டும் இல்லை. விழுதல், நீரில் மூழ்குதல், விஷம், தற்கொலை, கொலை எல்லாம் சேரும். சாலைச் சாவு என்பதையே நாட்டுக்கு நாடு வேறு மாதிரி எண்ணினார்கள். இன்றைய விதி, விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலைச் சாவு. பிரான்ஸ் 2005 வரை 6 நாள்தான் பார்த்தது. போர்ச்சுகல் 2010 வரை 24 மணி நேரம். பழைய எண்களை எடுத்துக்கொண்டு சண்டை போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சாலையோரன்:
கணக்கன் சார், நான் காட்டியது 2023. எல்லோரும் 30 நாள்தான் எண்ணுகிறார்கள். பூஜ்ஜியத்துக்கும் 80க்கும் பதில் வரட்டும், மற்றதை அப்புறம் பேசலாம்.

பரணி அண்ணே, நான் கேட்டது ருமேனியச் சாலை. நீங்கள் ரஷ்யாவில் போய் இறங்கிவிட்டீர்கள். வடகிழக்கே இருக்கும் சுச்சாவாவிலிருந்து தலைநகர் புகாரெஸ்ட் வரை ஈ85 சாலையில் ஒரு ராத்திரி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாருங்கள். அந்தச் சாலைக்கு இங்கே மக்கள் வைத்த பெயர் "சாவுச் சாலை". பெரும்பகுதி தூரம் எதிரும் புதிருமாக ஒவ்வொரு லேன், நடுவில் தடுப்பு கிடையாது. ஊர் முடியும் முன் அடுத்த ஊர் தொடங்கிவிடும், வீட்டு வாசலுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சாக்கடைக் குழிதான். நாற்பது டன் வண்டியோடு வரும்போது விளக்கே இல்லாத குதிரை வண்டி முன்னால் போகும். பின்னால் வருகிறவனுக்குப் பொறுமை போய் வெளியே எடுப்பான், எதிரே இன்னொரு லாரி. வளைவுக்கு வளைவு சிலுவை நட்டிருக்கிறார்கள், சிலதில் போட்டோ கூட இருக்கும். செத்தவன் குடித்திருந்தானா என்று அந்தச் சிலுவையில் எழுதியிருக்காது. நடுவில் தடுப்பு இல்லை என்பது மட்டும் அங்கே நின்று பார்க்கிற எவனுக்கும் தெரியும்.

2019 மார்ச்சில் சுச்சாவாவில் ஒரு தொழிலதிபர் தன் சொந்தக் காசில் ஒரே ஒரு மீட்டர் அதிவேகச் சாலை போட்டார். ருமேனியாவின் வடகிழக்கான எங்கள் மால்டேவியப் பகுதிக்கு அரசு அதுவரை ஒரு மீட்டர் கூடப் போடவில்லை என்று காட்டுவதற்கு. நாடு முழுக்க ஆதரவாக ஜனங்கள் கால் மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். குடிகாரர்கள் செய்கிற காரியமா அது?

வல்லவன் லண்டன்:
சாலையோரா, சரியாகக் கேட்டாய். பரணி அண்ணன் பேசுகிற பிரெஞ்சு ஒழுக்கம் எனக்கும் தெரியும். 2018 ஜூலையில் நடுத்தடுப்பு இல்லாத நாட்டுப்புறச் சாலைகளில் வேகத்தை 90லிருந்து 80க்குக் குறைத்தார்கள். அடுத்த சில மாதத்தில், பெட்ரோல் விலையை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மஞ்சள் அங்கிக்காரர்கள் வேகக் கேமராக்களை உடைத்தார்கள். பாதிக்கு மேல் சேதம் என்று உள்துறை அமைச்சரே சொன்னார். ஒழுக்கமாக உடைத்தார்களோ?

பாரிஸ் பரணி:
வந்துவிட்டார். பிரெக்சிட் இழையில் வாங்கிக் கட்டிக்கொண்டது மறக்கவில்லை போல. கேமரா உடைத்தது வறுமையின் கோபம். பெட்ரோல் விலை ஏறினால் பாரிசுக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டர் காரில் வேலைக்குப் போகிறவனுக்குத்தான் வலிக்கும், மெட்ரோவில் போகிற உமக்கு அது விளங்காது.

பிரான்சிலேயே சாலைச் சாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றில் மது இருக்கிறது. பிரான்சிலேயே இவ்வளவு என்றால் அங்கே எவ்வளவு? யோசியும்.

சாலையோரன்:
அண்ணே, இப்போது நீங்களே பிரான்ஸில் மூன்றில் ஒன்று குடி என்கிறீர்கள். அப்புறம் "மேற்கே ஒழுக்கம்" எங்கே போனது? அதே பிரான்சில் பத்து லட்சத்துக்கு 46, 48 என்று ஒன்றியச் சராசரியை ஒட்டி நிற்கிறது. ருமேனியாவில் 81. குடி இரண்டு இடத்திலும் இருக்கிறது என்றால் மிச்ச வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஒஸ்லோ மலர்:
அண்ணன்மாரே, நான் நார்வேயில் முதியோர் பராமரிப்பில் நர்ஸ். நீங்கள் கிழக்கே சாவு, மேற்கே சுகம் என்று பேசுவதைப் பார்த்து எழுத வேண்டியதாயிற்று. இடுப்பெலும்பு முறிவில் உலகத்திலேயே முதல் வரிசையில் இருப்பது ஸ்காண்டிநேவியா. அதிலும் ஒஸ்லோவின் விகிதம் பல வருடமாக உச்சத்தில். நெதர்லாந்தில் சாலையில் இறப்பவரைவிடப் பல மடங்கு பேர் விழுந்து இறக்கிறார்கள், பெரும்பாலும் 80 தாண்டியவர்கள்.

நான் பார்க்கிற பாட்டிமார் குளியலறை வாசலில் அரை இஞ்ச் உயரத் தடுக்கில் கால் இடறி விழுகிறார்கள். முறிந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஓராண்டுக்குள் இல்லை. மிச்சப் பேரில் பலர் பிறகு ஒருவர் கைபிடிக்காமல் கழிவறைக்குப் போக முடியாது. ஊனம் என்று இந்த இழையில் இதுவரை ஒருவரும் எழுதவில்லை. சாலையில் ஒருவர் இறந்தால் ஐந்து பேர் பலத்த காயத்தோடு தப்புகிறார்கள் என்று ஐரோப்பிய ஆணையமே சொல்கிறது. அந்த ஐந்து பேர் எந்த நாட்டில் என்ன சிகிச்சை பெறுகிறார்கள், வீட்டுக்கு மறுவாழ்வுச் சிகிச்சையாளர் வருகிறாரா, இல்லை படுத்த படுக்கையா? வித்தியாசம் அங்கேதான் மலைபோல் நிற்கிறது.

பாரிஸ் பரணி:
தங்கச்சி, முதுமையில் விழுவது இயற்கை. நாங்கள் கதைப்பது வாலிபர் சாவை. முப்பது வயதில் சாகிறவன் எதனால் சாகிறான், அதைச் சொல்லும்.

ஒஸ்லோ மலர்:
இயற்கை இல்லை அண்ணா. தடுக்கை எடுக்கலாம், தூக்க மாத்திரையைக் குறைக்கலாம், காலுக்குப் பயிற்சி கொடுக்கலாம். முப்பது வயதுப் பையனின் உயிர் மட்டும்தான் உயிரா?

சாலையோரன்:
மலர் அக்கா சொல்வது சரி, அதற்குத் தனி இழை போட வேண்டும். இங்கே பூஜ்ஜியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

அண்ணனுக்கு இன்னொரு கேள்வி. கிழக்கு ஜெர்மனி. சுவர் விழுந்த 1989க்கும் 1991க்கும் நடுவில் அங்கே சாலைச் சாவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. கம்யூனிஸ்ட் காலத்திலிருந்தே அங்கே மது வரம்பு பூஜ்ஜியம். நாடு ஒன்றான பிறகும் 1992 முடிவு வரை அதே பூஜ்ஜியம்தான், 1993 ஜனவரியில்தான் மேற்கின் 0.8 வந்தது (லிட்டர் ரத்தத்துக்கு 0.8 கிராம், அதாவது இங்கிலாந்தின் அதே 80). ஒரே ஜனங்கள், ஒரே வளர்ப்பு, ஒரே பூஜ்ஜியம். மாறியது கையில் கிடைத்த வேகமான மேற்கத்திய கார். சாலையோ இருபுறமும் மரம் நெருக்கி நின்ற அதே பழைய ஒடுங்கிய சாலை. பிராண்டன்பர்க் போய்ப் பாருங்கள், இன்றும் அந்த மரங்கள் நிற்கின்றன. வளர்ப்பு இரண்டு வருடத்தில் கெட்டுப்போகுமா அண்ணே?

பாரிஸ் பரணி:
சுவர் விழுந்த கொண்டாட்டத்தில் யார் யாரை ஊதச் சொன்னது? போலீசுக்கே அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத காலம். மறுபடியும் நீர் காகிதத்தைக் காட்டுகிறீர்.

லித்துவேனியாவைச் சொல்லும் பார்ப்போம். மதுவுக்கு வரி, விளம்பரத் தடை, 2018இல் வயது வரம்பை 20 ஆக்கினார்கள், ஞாயிறு மாலை 3 மணிக்கு மேல் கடையில் பாட்டில் கிடையாது. சாவு இறங்கியது. முடிந்தது கதை.

சாலையோரன்:
முடியவில்லை. லித்துவேனியாவில் சாலைச் சாவு 2007இல் 740. 2010இல் 299. மூன்று வருடத்தில் பாதிக்கும் கீழே. நீங்கள் சொல்லும் சட்டம் 2018. காலண்டரை ஒருமுறை புரட்டுங்கள் அண்ணே.

பாரிஸ் பரணி:
2008ஐயே மது தவிர்ப்பு ஆண்டு என்று லித்துவேனிய அரசு அறிவித்தது. அந்த வருடமே வரியும் ஏறியது. அது உமது காலண்டரில் இல்லையோ?

கணக்கன்:
2009இல் பொருளாதாரம் பயங்கரமாகச் சரிந்தது. ஓட்டுகிற வண்டியும் குறைந்தது. மது, சாலை, போக்குவரத்து மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் இரண்டு பேரும் அந்த 299ஐ உரிமை கொண்டாட முடியாது. இன்னொன்று, நாட்டை விட்டுவிட்டுப் பகுதிக்குப் பகுதி உள்ள வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? ஜனம் குறைந்த போர்ச்சுகலின் அலென்டேஜோ பகுதி எங்கே, ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா எங்கே? சாலை விபத்துப் பட்டியலில் விபத்து நடந்த இடத்தைக் கணக்கில் எடுப்பார்கள், மக்கள்தொகை அங்கே குடியிருப்பவர்களுடையது. நெடுஞ்சாலை கடந்துபோகும் ஆளில்லாத பகுதி எதுவானாலும் மோசமாகத்தான் தெரியும்.

வல்லவன் லண்டன்:
போர்ச்சுகல்காரன் ஒயின் குடிப்பான் என்று அண்ணன் இப்போது சொல்வார், பாருங்கள்.

பாரிஸ் பரணி:
உம்முடைய இங்கிலாந்தில் 80 வரை குடித்துவிட்டு ஓட்டலாம் என்று பெருமைப்படும். ஸ்காட்லாந்துக்காரனே 2014 டிசம்பரில் வெட்கப்பட்டு 50 ஆக்கிவிட்டான். நீங்கள் இன்னும் 80.

வல்லவன் லண்டன்:
80 வைத்துக்கொண்டே உங்கள் பிரான்சைவிடப் பாதிச் சாவுதான். அதைச் சொல்லத்தான் சாலையோரன் வாய் வலிக்கக் கத்துகிறான். உங்களுக்கு 80 கிலோமீட்டரும் ஒத்து வரவில்லை, 80 மில்லிகிராமும் ஒத்து வரவில்லை.

பாரிஸ் பரணி:
வேக வரம்பை 90க்குத் திருப்பிக்கொள்ள மாவட்டங்களுக்கு 2019 முடிவிலேயே உரிமை கொடுத்துவிட்டார்கள். தெரியாததைக் கதைக்கக் கூடாது.

வல்லவன் லண்டன்:
திருப்பியதுதான் தப்பு என்கிறேன்!

சாலையோரன்:
வல்லவா, 90, 80 சண்டையை விடு. ஸ்வீடனைப் பார். 1997 அக்டோபரில் அவர்கள் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, சாலையில் ஒருவர் கூடச் சாகவோ ஊனமாகவோ கூடாது என்று. மனிதன் தப்பு செய்யத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு உயிர் விலையாகக் கூடாது, சாலை அதைத் தாங்க வேண்டும் என்று பொறியாளர் தலையில் பொறுப்பை வைத்தார்கள். ஒரு பக்கம் இரண்டு லேன், மறுபக்கம் ஒன்று, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி வரும். நடுவில் எஃகுக் கம்பி. புதுச் சாலை கூட இல்லை, இருந்த அகலத்திலேயே செய்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் கம்பி எங்களை அறுத்துவிடும் என்று கத்தினார்கள். ஆனாலும் நேருக்கு நேர் மோதல் சாவு அந்தச் சாலைகளில் விழுந்துவிட்டது. 2023இல் ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கு 22. ஈ85இல் அந்தக் கம்பியைப் போடட்டும், அப்புறம் எங்கள் வளர்ப்பைப் பற்றிப் பேசலாம்.

என்னோடு ஓட்டிய ருமேனியப் பையன் குடித்ததே இல்லை, பெந்தகோஸ்தே சபைக்காரன். ஓவர்டேக் எடுத்த காரைத் தவிர்க்கப் போய்க் குழியில் கவிழ்ந்து முதுகுத்தண்டு போனது. இப்போது அவன் அம்மாதான் திருப்பிப் படுக்க வைக்கிறாள். அவனையும் சேர்த்துத்தான் அண்ணன் குடிகாரன் என்று எழுதினார். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

பாரிஸ் பரணி:
பையனுக்காக வருந்துகிறேன். ஆனால் ஸ்வீடனை நீரே இழுத்தீர், நானும் சொல்கிறேன். ஸ்வீடனில் மது வரம்பு 0.2, பாட்டில் வேண்டுமென்றால் பெரும்பாலும் அரசாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஞாயிறு பூட்டு. கம்பி மட்டும் காப்பாற்றியது என்று நீர் எப்படிச் சொல்வீர்?

சாலையோரன்:
0.2ஆ, பூஜ்ஜியமா, எது கடுமை அண்ணே?

பாரிஸ் பரணி:
பிடிக்கிற 0.2, பிடிக்காத பூஜ்ஜியத்தைவிடக் கடுமை. இதைத்தான் முதல் பதிலிலேயே எழுதினேன்.

ஒஸ்லோ மலர்:
அந்தப் பையனுக்கு அரசு சக்கர நாற்காலி கொடுத்ததா? படுக்கைப் புண் வராத மெத்தை இருக்கிறதா? சாலையோரன் தம்பி, தனிச் செய்தியில் எழுதுங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்.

வல்லவன் லண்டன்:
பரணி அண்ணே, 46க்கும் 25க்கும் இன்னும் பதில் வரவில்லை.

பாரிஸ் பரணி:
நாளைக்கு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். ஹங்கேரியும் பூஜ்ஜியம், செக்கும் பூஜ்ஜியம், அங்கே எல்லாம் ஏன் ருமேனியா அளவு சாவு இல்லை என்று அதற்குள் சாலையோரன் யோசித்து வைக்கட்டும்.

சாலையோரன்:
இதில் யோசிக்க ஒன்றும் இல்லை அண்ணே, ஹங்கேரி எல்லையைத் தாண்டியதும் சாலை அகலமாகிறது. நாளைக்கு வாருங்கள்.