நத்தைகுத்தியா, திறந்த அலகா?

நத்தை தின்னும் நாரைகளைக் கொண்ட அனாஸ்டோமஸ் (Anastomus) என்னும் பேரினத்துக்குத் (genus) தமிழில் ‘திறந்த அலகு நாரை’ என்னும் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. ‘ஓப்பன்பில்’ (openbill) என்னும் ஆங்கிலப் பெயரோடு பொருந்திவருகிறது என்பதைத் தவிர அதற்கு ஆதரவான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. பறவை நோக்குவோர் ஆசிய இனத்துக்கு வழங்கிவரும் ‘நத்தைகுத்தி நாரை’யையே பேரினப் பெயராகவும் கொள்ளலாம்.

அந்த அலகு உண்மையில் திறந்திருப்பதில்லை. நுனியில் இரு பகுதிகளும் சேர்ந்துகொள்கின்றன. கீழலகு வளைந்திருப்பதால் நடுவில் மட்டும் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிகிறது. குஞ்சுகளுக்கு அதுவும் கிடையாது, வளரும்போதுதான் உண்டாகிறது. இந்த இடைவெளியைக் கொண்டு பறவை நத்தை ஓட்டைப் பாக்குவெட்டிபோல நெரித்து உடைக்கிறது என்று 1960இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி கருதினார். பின்வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. பறவை கூரிய கீழலகு நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கிறது. ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கிறது. ‘குத்தி’ என்பதைக் காட்டிலும் இச்செயலுக்கு நெருக்கமான சொல் கிடைப்பது அரிது. மீன்கொத்தி, மரங்கொத்தி எனத் தொழிலால் பறவைக்குப் பெயரிடுவது தமிழுக்குப் பழக்கமான வழியும்கூட.

பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. 1783இல் டச்சு இயற்கையியலாளர் பொடார்ட் விவரித்த ஆசிய இனம் வெண்மையோ சாம்பலோ கலந்த உடலும் கரிய சிறகும் வாலும் உடையது. ஆப்பிரிக்க இனம் முழுவதும் கருமை. இரண்டுக்கும் நத்தையே முதன்மை இரை என்பதால் ‘ஆசிய நத்தைகுத்தி நாரை’, ‘ஆப்பிரிக்க நத்தைகுத்தி நாரை’ என இடர்ப்பாடின்றி வழங்கலாம்.

‘நாரை’ என்ற பின்னொட்டைப் பற்றியும் ஒரு சொல். முன்பு நாரைகளோடு ஒரே வகைப்பாட்டு வரிசையில் (order) வைக்கப்பட்டிருந்த கொக்குகளையும் அரிவாள் மூக்கன்களையும் மரபணு ஆய்வுகளுக்குப் பின் கூழைக்கடா வரிசைக்கு மாற்றிவிட்டனர். அப்படியிருக்க, கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்த ‘சாம்பல் நாரை’ இன்னும் அப்பெயரைச் சுமந்து நிற்பது குழப்பமே. அதைத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

ஆழமற்ற நன்னீர்ச் சதுப்புகள், ஏரிகள், நெல்வயல்கள் ஆகியவையே ஆசிய இனத்தின் வாழிடம். வேடந்தாங்கலிலும் மேற்கு வங்கத்தின் ராய்கஞ்சிலும் கூட்டமாகக் கூடு கட்டுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைத் தீவாய்ப்பு குறைந்த, அதாவது அழியும் ஆபத்து குறைவான, இனமாகவே பட்டியலிட்டுள்ளது. தாய்லாந்தில் பயிரை அழிக்கும் அயல்நாட்டுத் தங்க ஆப்பிள் நத்தைகளையும் தின்று பெருகியிருக்கிறது. நத்தை இருக்கும் நீர்நிலையே இதன் இருப்பைத் தீர்மானிக்கிறது என்பதால், பாதுகாப்புக் குறிப்புகளில் இடம்பெறும் பெயரிலும் நத்தை இருப்பது பயன் தரும்.

எழுத்துமுறையில் ‘நத்தை குத்தி’ என்று பிரிக்காமல், வல்லினம் மிகாமல், ‘நத்தைகுத்தி’ என ஒரே சொல்லாக எழுதப் பரிந்துரைக்கிறேன்.