புதுப்பிப்பு: சர்வரில் நெட்வொர்க் கார்டு தெரிந்துவிட்டது

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் லினக்ஸ் சர்வர், சர்வீஸுக்குப் போய் வந்ததிலிருந்து நெட்வொர்க் கார்டைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்றச் சொன்னவர்களே அதிகம். ஆனால் சர்வரில் செருகியிருக்கும் கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் பட்டியலிலேயே கார்டு இல்லாதபோது டிரைவருக்கு அங்கே வேலையில்லை. "முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்" என்ற ஈரோட்டு அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். நிட்டிங் மெஷின்களிலிருந்து பறந்த பஞ்சு, கார்டைச் செருகும் ஸ்லாட்டுக்குள் பாய்போலப் படிந்திருந்தது. அதன்மேலேயே கார்டை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். பொன்னிறத் தொடுமுனைகள் ஒரு பக்கம் உள்ளே இறங்கவே இல்லை. பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகும் அந்த ஸ்லாட்டை நம்ப மனம் வரவில்லை. பக்கத்து ஸ்லாட்டில் உட்காரவைத்துத் திருகை முடுக்கியதும் எல்எஸ்பிசிஐயில் கார்டு வந்தது.

ஆனாலும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. இதைக் கட்டாயம் கவனியுங்கள்: ஸ்லாட் மாறினால் பிசிஐ பஸ் எண் (கார்டு எந்தப் பாதையில் இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்) மாறக்கூடும், அதோடு லினக்ஸ் அந்தக் கார்டுக்கு வைக்கும் இணைப்புப் பெயரும் மாறும். இஎன்பி2எஸ்0 என்றிருந்தது இஎன்பி3எஸ்0 ஆகிவிட்டது. நெட்வொர்க் அமைப்புகளை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பிலோ பழைய பெயர். அதைத் திருத்தி 'நெட்பிளான் அப்ளை' கொடுத்ததும் தையல் பிரிவுக் கணினிகள் எல்லாம் இணைந்தன. கோப்பில் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய அடையாள எண்ணை) கொண்டு கார்டை அடையாளம் காட்டினால் ஸ்லாட் மாறினாலும் தொல்லையில்லை. அப்படியே மாற்றி வைத்துவிட்டேன்.