கிண்டிக் காட்டில் வெளிமானுக்காக மரம் வெட்டலாமா?

வேளச்சேரி வாசி:
கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான் குறைந்துவருவதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என் கணக்கில் முதல் காரணம், அதற்கு வெட்டவெளி போதவில்லை. புதரில் பதுங்கிப் பிழைக்கிற மிருகமில்லை அது. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பிப்பது. பூங்காவுக்குள் இருக்கும் போலோ மைதானத்தை நெருக்கும் சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் வெட்டித் தள்ளிப் புல்வெளியை மீட்க வேண்டும். மரம் என்றாலே கும்பிடு போடுவதை நிறுத்துவோம்.

சின்னமலை:
சார், 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரமெல்லாம் மறந்துபோச்சா? மே மாதம் மத்தியானம் சர்தார் படேல் சாலையில் பைக்கில் போய்ப் பாருங்கள், காட்டு மதில் ஓரம் வந்ததும் வெக்கை தணியும். அதில் கை வைக்கச் சொல்கிறீர்கள். அந்த வெளிமானே வெள்ளைக்காரக் கவர்னர் காலத்தில் கொண்டுவந்து விட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு.

வேளச்சேரி வாசி:
பேச்சு ஆயிரம் இருக்கும். சோழமண்டலக் கரையின் புல்வெளிகளுக்கு வெளிமான் ஒன்றும் விருந்தாளி இல்லை. சீமைக்கருவேலம்தான் கடல் தாண்டி வந்தது.

காயாம்பூ:
ஒருவர் மானைப் பார்க்கிறார், ஒருவர் நிழலைப் பார்க்கிறார். நடுவில் இருக்கும் புதரை யாரும் பார்க்கவில்லை. கிண்டி உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட மாதங்களிலும் பச்சை போகாத காடு. இந்தக் கடலோரத்தில் அந்த வகைக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. காரை, கொஞ்சி, வீரை எல்லாம் ஆள் உயரத்தில் முள்ளும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கும். தெரியாதவர் கண்ணுக்குக் குப்பைக்காடு. பொக்லைன் விட்டால் உண்ணிச்செடியோடு அதுவும் போகும். அப்புறம், சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு பக்கமும் துளிர்க்கும். வேரோடு எடுத்தாலும் நெற்றைத் தின்ற மான் புழுக்கையோடு விதையை மறுபடி போட்டுவிடும். முளைக்க முளைக்க வருஷாவருஷம் பிடுங்க ஆள் வேண்டும். அதற்குக் காசு ஒதுக்குவார்களா, சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசி:
பொக்லைன் வேண்டாம், சரி. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சக் காவல் தரும் முதல் அட்டவணையில் இருப்பது வெளிமான், காரைச்செடி இல்லை. காரை வேண்டுமென்றால் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் போய்ப் பாருங்களேன்.

காயாம்பூ:
அப்படியே வெளிமானையும் வல்லநாட்டிலோ கோடியக்கரையிலோ போய்ப் பார்த்துக்கொள்ளலாமே! ‘வேறு ஊரில் இருக்கிறது’ என்று சொல்லித்தான் ஒவ்வொரு ஊரிலும் அழித்தோம். ஏற்கெனவே திறந்த புல்லாக இருக்கும் இடத்தில் மட்டும் களையெடுங்கள், பழைய புதருக்குள் கத்தி போகக் கூடாது. செடி தெரிந்த ஒருவர் முன்னே நடந்து, காக்க வேண்டியதற்குத் துணி கட்டிவிட்டுப் போகட்டும், வெட்டுகிறவர் பின்னே வரட்டும்.

வேளச்சேரி வாசி:
அந்த வேகத்தில் போனால் மைதானத்தின் ஒரு மூலையை முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

காயாம்பூ:
வரட்டும். மண் ஈரமாக இருந்தால்தான் சீமைக்கருவேலக் கன்று வேரோடு வரும்.

சின்னமலை:
நாய்களை யாருமே பேசவில்லையே. புல்வெளி திறந்தால் மானை விரட்ட அதுகளுக்கும் வசதிதான். முதலில் மதிலில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள், சார்.